ஒரு முள்ளின் விலை

நுழையும்முன்

வறுமைக்குக் காரணம் உழைப்பின்மை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், உழைத்து உயர்ந்துவந்த குடும்பம் ஒன்று ஒரே ஆண்டில் சரிவதையும், அச்சரிவிலிருந்து மீள ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுவதையும் நம் ஊர்களில் காண்கிறோம். உடல்நலமும் குடும்பச் சூழலும் ஒரு வீட்டின் பொருளாதாரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைத் தம் வாழ்க்கை வழியாக எண்ணிப்பார்க்கிறார் இக்கட்டுரையாளர்.

மஞ்சள் வயல்கள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் மஞ்சள் நிறம் பூண்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் சாரலின் ஈரக்காற்று குற்றாலத்தைக் கடந்து சமவெளிக்கு இறங்கும் வேளையில், சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூத்து நிற்கும். அருவியில் நீராட வருவோர் தென்காசியிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் ஊருக்கும் வருவர். கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்வர். திரைப்படக் குழுவினரும் பலமுறை வந்து சென்ற ஊர் இது. முன்னே பூக்கள், பின்னே மலை, மலைமேல் மேகம் என்று கண்ணுக்கு விருந்தான காட்சிதான்.

அந்த வயல்களுள் ஒன்றின் முன் நிற்கும்போது மட்டும் என் கண்கள் பூக்களைப் பார்ப்பதில்லை. வரப்பின் மூலையில் இருக்கும் கிணற்றைப் பார்க்கின்றன. அந்தக் கிணறும் அதைச் சுற்றியுள்ள ஒன்றரை ஏக்கர் நிலமும் 1997ஆம் ஆண்டுவரை எங்களுடையவை. அன்று அதில் நெல்லும் சின்ன வெங்காயமும் விளைந்தன. அப்பா அந்த நிலத்தைச் சூதினால் இழக்கவில்லை, குடியினால் இழக்கவில்லை, சோம்பலினாலும் இழக்கவில்லை. காலில் தைத்த ஒரு முள்ளினால் இழந்தார்.

காலில் தைத்த முள்

1994ஆம் ஆண்டு வைகாசி மாதம். வயலுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் வலக்காலில் கருவேல முள் தைத்தது. உழவர் வீட்டில் முள் தைப்பது ஒரு செய்தியன்று. அதைப் பிடுங்கி எறிந்தார். இரவில் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினார். மறுநாள் வழக்கம்போல் வயலுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 42. தம் உடலில் சர்க்கரை நோய் இருப்பதை அவர் அறியார். வீட்டில் வேறு எவரும் அறியோம். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே நோய்வாய்ப்பட்ட பிறகுதான் எங்களைப் போன்றோர்க்குத் தோன்றும்.

நெடுங்காலம் கவனிக்கப்படாத சர்க்கரை நோய் பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்கிறது. காலுக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் குறைக்கிறது. எனவே, புண் வந்தால் வலிப்பதும் இல்லை. எளிதில் ஆறுவதும் இல்லை. வலித்திருந்தால் அப்பா அன்றே மருத்துவரிடம் போயிருப்பார். வலிக்காததனால் மூன்று வாரம் சேற்றிலும் நீரிலும் நின்றார்.

புண் கறுத்துக் காய்ச்சல் கண்ட பின்னரே சிகிச்சை தொடங்கியது. முதலில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை; அடுத்து அதைவிடப் பெரிய மற்றொரு தனியார் மருத்துவமனை; கையிருப்பு கரைந்த பிறகு திருநெல்வேலி அரசு மருத்துவமனை. அங்கே முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது, உயிர் காப்பாற்றப்பட்டது. இரண்டு ஊன்றுகோல்களோடு அப்பா வீடு திரும்பியபோது கார்த்திகை பிறந்திருந்தது.

ஐந்து செலவுகள்

இன்று நான் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். மாணவர்க்குப் பாடம் நடத்துவதற்காக ஒருநாள் அந்த ஆண்டின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். நோயின் செலவு என்று நாம் சொல்வது மருத்துவமனை எழுதித்தரும் தொகையை மட்டுமே. ஆனால், எங்கள் வீட்டுக் கணக்கு ஐந்து பகுதிகளாக விரிந்தது.

முதலாவது, மருத்துவத்துக்குக் கொடுத்த பணம். இரண்டாவது, போக்குவரத்தும் உணவும். எங்கள் ஊருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்துக்கு உண்டு. துணையிருப்பவரின் பசிக்கு உண்டு. மூன்றாவது, அப்பாவின் உழைப்பு நின்றுபோனதால் ஏற்பட்ட இழப்பு. அந்த ஆண்டு கார் சாகுபடி நடைபெறவே இல்லை. நான்காவது, அம்மா இழந்த கூலி. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருந்த நாள்களில் அவர் நடவுக்கும் போகவில்லை, களையெடுக்கவும் போகவில்லை. நோயுற்றவர் ஒருவர், வேலை இழந்தவர் இருவர். துணையிருப்பவரின் இழப்பை எந்த மருத்துவமனைச் சீட்டும் காட்டுவதில்லை.

ஐந்தாவது, வட்டி. அதுவே மற்ற நான்கையும் விழுங்கியது. அம்மாவின் நகைகள் அடகுக்குப் போன பிறகு, 20,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்பது கேட்கும்போது சிறு தொகையாகவே தோன்றும். 20,000 ரூபாய்க்கு அது மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். வாங்கிய முதல் அப்படியே நிற்க, 20 மாதங்களில் வட்டி மட்டுமே முதலுக்கு ஈடாகிவிடும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 2003இல்தான். வட்டியைக் கட்டுவதற்காக நிலத்தை ஒற்றிக்கு வைத்தோம். ஒற்றியை மீட்க இயலாமல் 1997இல் விற்றோம். விற்ற பணத்தில் கடன் தீர்ந்தது, நிலமும் தீர்ந்தது.

எதிர்வீடு

எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கும் ஏறத்தாழ அதே அளவு நிலம், அதே குளத்துப் பாசனம், அதே பயிர். அவரும் அப்பாவும் ஒரே பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். 1996இல் அவருக்கும் நோய் வந்தது. நெஞ்சுவலியால் வயலில் விழுந்தார். அவருக்கான மருத்துவச் செலவு எங்களுடையதைவிட மிகுதி. ஆனால், அவர் வீடு சரியவில்லை.

காரணம் மிக எளியது. அவருடைய மூத்த மகனுக்கு அப்போது வயது 26. அரசுப் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையோடு இருக்க அவருக்கு விடுப்பு இருந்தது. விடுப்பிலும் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தை நம்பிக் கூட்டுறவுச் சங்கம் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் கடன் கொடுத்தது. 20,000 ரூபாய்க்கு மாதம் 200 ரூபாய் வட்டி. நாங்கள் கட்டியதில் அது ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையின் வயது 16.

உழைப்பில் நாங்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். சிக்கனத்திலும் குறைந்தவர்கள் அல்லர். நோய் வந்த நாளில் வீட்டில் இருந்த பிள்ளைகளின் வயது வேறு. கடன் கொடுக்கக் காத்திருந்த கைகள் வேறு. மாமாவின் நிலம் இன்றும் அவர் பிள்ளைகளிடமே இருக்கிறது. அதன் வருவாயில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். கடைசி மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இந்த ஊரில் யார் முன்னேறினார், யார் பின்தங்கினார் என்று பேசுவோர் இரண்டு வீடுகளையும் காட்டி, ஒருவருக்குத் திறமை இருந்தது, மற்றவர்க்கு இல்லை என்பார்கள். அவர்கள் முடிவை மட்டுமே காண்கிறார்கள்.

அக்காவின் சுளகு

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை என் அக்கா. அந்த ஆண்டுதான் பத்தாம் வகுப்பில் நானூற்றுக்கு மேல் மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவில் சேர விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தாள். அப்பா திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட வாரத்தில் ஒரு மாலை, அம்மா பீடி சுற்றும் சுளகை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, பள்ளிக்கூடத்துக்கு என்னைக்குப் போவ?” என்று கேட்டேன்.

“நீ ஒழுங்காப் படி தம்பி. நான் இதைச் சுத்துதேன்” என்றாள்.

பள்ளியை விட்டுவிடு என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை. விடாதே என்று சொன்னவரும் இல்லை. அப்படிச் சொல்லாதவர்களுள் நானும் ஒருவன். எனக்கு வயது 13 என்பது உண்மை. ஆனாலும், நான் ஆண்பிள்ளை என்பதனாலேயே என் படிப்பைப் பற்றிய பேச்சு வீட்டில் எழவில்லை என்பதை அன்றே உணர்ந்திருந்தேன்.

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றுதல் பெண்களின் பெருந்தொழில். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையை நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். தகட்டை வைத்து ஒரே அளவில் வெட்ட வேண்டும். தூளை நிரவிச் சுற்ற வேண்டும். நுனியை மடக்கி நூலால் கட்ட வேண்டும். 25 பீடி சேர்ந்தது ஒரு கட்டு. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சுற்றியதில் குறை கண்டால் கழித்துவிடுவர். கழித்ததற்குக் கூலி இல்லை. பீடித் தொழிலாளர்க்கென 1966இல் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் நலநிதிச் சட்டமும் வந்தது. ஆயினும், வீட்டுத் திண்ணையில் குனிந்திருக்கும் முதுகும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் மூச்சும் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

அக்கா நாள் ஒன்றுக்கு 32 கட்டு சுற்றினாள். அவற்றை எண்ணி அடுக்குவது அப்பாவின் வேலையாயிற்று. 32 கட்டு என்பது 800 பீடி. ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 2,40,000 பீடி. நான் இளங்கலை முடித்த 2001ஆம் ஆண்டுவரை, ஏழு ஆண்டுகளில் 16,80,000 பீடி. என் பட்டச்சான்றிதழில் எழுதப்படாத எண் அது. அதே ஆண்டில்தான் அக்காவுக்குத் திருமணம் நடந்தது.

உலகம் கண்ட உண்மை

எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டோடு முடிவதன்று. அனிருத் கிருஷ்ணா என்ற அறிஞர் இராஜஸ்தானில் இந்திய ஆட்சிப்பணியில் இருந்தவர், பின்னர்ப் பேராசிரியரானார். இராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டறிந்தார். நன்றாக இருந்த குடும்பங்கள் எதனால் வறுமையில் விழுந்தன என்பதே அவருடைய வினா. பல இடங்களிலும் முதன்மையாக எழுந்த விடை நோய், அதற்காகும் செலவு. 2010இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பே, பெரும்பாலோர் வறுமையிலிருந்து ஒரே ஒரு நோயின் தொலைவில்தான் இருக்கின்றனர் என்னும் கருத்தைத் தாங்கியது.

நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. 1969 முதல் 1977 வரை நான்கு சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஊர்களின் குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டு ஊர்களின் குழந்தைகளுக்குப் புரதம் இல்லாத பானமும் வழங்கினர். அக்குழந்தைகள் வளர்ந்து வேலைக்குச் சென்ற பிறகு அவர்களைத் தேடிக் கண்டு ஆராய்ந்தனர். மழலைப் பருவத்தில் கஞ்சி அருந்திய ஆண்களின் ஒரு மணிநேர ஊதியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதியாக இருந்தது. குழந்தைக்கு ஊட்டிய கஞ்சி முப்பது ஆண்டுகளுக்குப் பின் சம்பளமாகத் திரும்பி வந்தது.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய செய்தி வேறொன்று. பெண்களின் ஊதியத்தில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. படிப்பில் அவர்கள் முன்னேறியிருந்தனர். ஆனால், அவர்களுக்குக் கிடைத்த வேலைகள் ஊதியம் குறைந்தவை. நல்ல உடலும் நல்ல அறிவும் இருந்தாலும், அவற்றைப் பயன்படுத்த வழி திறந்திருந்தால்தான் வருவாயாக மாறும். நானூற்றுக்கு மேல் மதிப்பெண் பெற்ற அக்காவை நினைத்துக்கொண்டேன்.

பொருட்பாலில் மருந்து

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாக இருக்கிறது. அதே பொருட்பாலில் ‘குடிசெயல்வகை’, ‘உழவு’, ‘நல்குரவு’ என்னும் மூன்றும் 103, 104, 105 என அடுத்தடுத்து நிற்கின்றன. பள்ளி நாள்களில் இந்த வரிசையை மனப்பாடம் செய்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்று படிக்கும்போது, மருந்தைப் பொருட்பாலில் காண்பது எனக்கு வியப்பளிப்பதில்லை. குடும்பம், உழவு, வறுமை ஆகிய மூன்றும் அருகருகே நிற்பதை எங்கள் வீட்டிலேயே கண்டவன் நான்.

நோய் வருவதை முழுவதும் தடுக்க எவராலும் இயலாது. நோய் வந்தால் நிலம் போக வேண்டும், பிள்ளையின் படிப்பு போக வேண்டும் என்பது இயற்கையின் விதியன்று. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் தட்டில் உண்டவன் நான். வீட்டில் அடுப்பு எரியாத நாள்களிலும் பள்ளிக்குச் சென்றேன் என்றால், படிப்பு ஒரு காரணம். சோறு மற்றொரு காரணம். தமிழ்நாட்டில் 2009இல் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீடு தொடங்கப்பட்டது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு; 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்துள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது. நூறு ரூபாயில் இன்னும் ஏறத்தாழ நாற்பது ரூபாய் நோயுற்றவர் வீட்டிலிருந்தே வருகிறது என்பது மறத்தற்குரியதன்று.

காப்பீடு ஈடுசெய்வது நான் எழுதிய ஐந்து செலவுகளுள் முதலாவதை மட்டுமே என்பதையும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. துணையிருப்பவர் இழக்கும் கூலியை யார் கொடுப்பது? படுத்த நாளில் குறைந்த வட்டிக்குக் கடன் எங்கே கிடைக்கும்? பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளையை மீண்டும் அழைத்துவருபவர் யார்? இவ்வினாக்களுக்கும் விடை காணும்போதுதான் மருத்துவம் முழுமை பெறும்.

விளக்கொளியில் பாதங்கள்

அப்பா 2006இல் மறைந்தார். அக்காவுக்கு இப்போது வயது 46. பக்கத்து ஊரில் வசிக்கிறாள். முதுகுவலியால் நெடுநேரம் அமர இயலாது, இருமலும் விட்டபாடில்லை. மருத்துவர் சொன்ன பிறகு பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிய நாளிலிருந்து மாதந்தோறும் அவளுக்குப் பணம் கொடுக்க முயன்றேன். “எனக்கு எதுக்கு? உன் பிள்ளைகளுக்கு வை” என்று மறுத்துவிடுவாள். அவளுக்கு நான் பட்ட கடனைப் பணத்தால் அடைக்க இயலாது என்பதை அவள் எனக்கு முன்பே அறிந்திருந்தாள். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது மட்டும், “விடுதிக் கட்டணத்தை நீ கட்டு தம்பி” என்று அவளே கேட்டாள். அவள் என்னிடம் கேட்டுப் பெற்றது அது ஒன்றுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர், மறு ஆண்டு அக்காவின் வீட்டுக்கு வந்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தார். சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. புண் எதுவும் இல்லை. கால் மரத்துப்போகவும் இல்லை. இப்போது மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சென்ற ஆடியில் அக்கா வீட்டில் ஓரிரவு தங்கினேன். உண்டு முடித்ததும் அக்கா விளக்கின் அடியில் அமர்ந்தாள். முதலில் வலப்பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்குகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு இடப்பாதம். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சிரித்தாள்.

“அப்பாக்கு இதை யாராவது சொல்லியிருந்தா போதும், என்ன தம்பி?” என்றாள்.

எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.